ரேமண்ட் ஸ்மல்லியன்: பேராசிரியரா, புதிர்க்காரரா?

பொங்கோல்வாசி | 3 மார்ச் 2025, இரவு 9.12

சிங்கப்பூர் ஜேசியில் (ஜூனியர் கல்லூரி) கேஐ (அறிவைப் பற்றியே கேள்வி கேட்கும் பாடம்) எடுக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டுரை: ஒரு தத்துவப் பேராசிரியரின் ஆய்வும் தனி ஆர்வங்களும். ஸ்மல்லியன் என்று முடிவாகிவிட்டது. தேடினால் வருவதெல்லாம் மேடை வித்தை, பியானோ, சதுரங்கம், மெய்யர் பொய்யர் புதிர். ஆர்வங்கள் பக்கம் நிரம்பி வழிகிறது, ஆய்வுப் பக்கம் காலி. என் கருத்து: ஜாலியான மனிதர், புதிர் விற்றுப் பேர் வாங்கியவர், தத்துவத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கிளைக்கணக்கு | 3 மார்ச், இரவு 10.05

பாதி சரி. பேர் வாங்கியது புதிரால்தான். ஆனால் முதலாண்டு தர்க்க வகுப்பில் பிள்ளைகள் வரைகிற மரம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் இவர் கை பெரிது.

வாழ்க்கைக் குறிப்பை நாலு வரியில் முடியுங்கள். 1919இல் நியூயார்க்கில் பிறந்தார். 1955இல் சிகாகோவில் இளநிலை, 1959இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். நெறியாளர் அலான்சோ சர்ச். ஆலன் டியூரிங்குக்கும் அவர்தான் நெறியாளர். நியூயார்க்கில் லீமன் கல்லூரியிலும் நகரப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார், பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 2017 பிப்ரவரியில் 97 வயதில் மறைந்தார்.

ஆய்வு என்று எழுத இரண்டு விஷயம். ஒன்று மரமுறை. இன்னொன்று, தன்னையே சுட்டும் வாக்கியங்கள். 1931இல் கோடல் நிறுவியதை (எண்கணிதத்துக்கு முரணில்லாத எந்த விதித்தொகுதி போட்டாலும் அதனால் நிறுவ முடியாத மெய் மிஞ்சும் என்பதை) எவ்வளவு குறைந்த கருவிகளோடு நிறுவலாம் என்ற கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறேன்.

ஆய்வுக்கு ஒரு பத்தி, ஆர்வத்துக்கு ஒரு பத்தி என்று பிரிக்க விடாதீர்கள். அந்த ஆள் எல்லா இடத்திலும் செய்தது ஒரே வேலை: முடிவில் நின்றுகொண்டு, இங்கே வந்துசேர என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போவது. கட்டுரைக்கு அதுதான் முதுகெலும்பு.

கிளைக்கணக்கு | 4 மார்ச், காலை 7.20

மரமுறை. ரயிலில் தட்டுகிறேன், எழுத்துப் பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஒரு வாதம்: மழை பெய்தால் ஆட்டம் ரத்து. ஆட்டம் ரத்தானால் பணம் திரும்பும். பணம் திரும்பவில்லை. ஆகவே மழை பெய்யவில்லை. ம (மழை பெய்கிறது), ர (ஆட்டம் ரத்து), ப (பணம் திரும்பும்) என்று மூன்று எழுத்து போதும். → என்பது 'என்றால்', ¬ என்பது 'இல்லை'.

முடிவு பொய் என்று வைத்துத் தொடங்க வேண்டும். ஆதாரங்கள் எல்லாம் மெய், முடிவு மட்டும் பொய். இப்படி ஓர் உலகம் இருக்க முடியுமா என்று தேடுகிறோம். முடியாது என்றால் வாதம் செல்லும்.

1. மெய்: ம → ர
2. மெய்: ர → ப
3. மெய்: ¬ப
4. பொய்: ¬ம
5. மெய்: ம (4லிருந்து)
6. பொய்: ப (3லிருந்து)
7. இங்கே 2ஐ உடைக்கிறோம். அது மெய்யாக இருக்க ர பொய்யாக வேண்டும், இல்லை ப மெய்யாக வேண்டும்; மரம் இரண்டாகப் பிரிகிறது. இடக்கிளை பொய்: ர. வலக்கிளை மெய்: ப. வலது 6உடன் மோதுகிறது, அடியில் பெருக்கல் குறி போட்டு மூடுங்கள்.
8. இடக்கிளையின் கீழ் 1ஐ உடையுங்கள். பொய்: ம என்பது 5உடன் மோதும். மெய்: ர என்பது 7இன் இடக்கிளையோடு மோதும். இரண்டும் மூடியாயிற்று.

கிளை எல்லாம் மூடினால் வாதம் செல்லும். ஒரு கிளை மூடாமல், உடைக்க வேறொன்றும் மிச்சமில்லாமல் நின்றால், அந்தக் கிளையில் உள்ள தனி எழுத்துகளைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். அதுதான் வாதத்தை முறிக்கும் எதிர்க்காட்டு. 'செல்லாது' என்று சொல்வதோடு நிற்காமல் ஏன் செல்லாது என்றும் காட்டிவிடுவதால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

விதி இரண்டு வகை. (∧ என்பது 'இரண்டும்', ∨ என்பது 'அல்லது'.) நேராகக் கீழே இறங்குவது ஒன்று: மெய் (அ ∧ ஆ), பொய் (அ ∨ ஆ), பொய் (அ → ஆ). கடைசியது அ மெய், ஆ பொய் என்று இறங்கும். பிரிவது இன்னொன்று: பொய் (அ ∧ ஆ), மெய் (அ ∨ ஆ), மெய் (அ → ஆ). ஸ்மல்லியன் முதல் வகை முழுவதற்கும் ஆல்ஃபா, இரண்டாம் வகை முழுவதற்கும் பீட்டா என்று ஒரே பெயர் வைத்தார். நிரூபணம் எழுதும்போது எட்டுப் பத்து விதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை, ஆல்ஃபா ஒரு தடவை, பீட்டா ஒரு தடவை. 1968இல் வந்த அவருடைய முதல்நிலைத் தர்க்க நூலின் சிக்கனமே இதில்தான் இருக்கிறது.

சும்மா_படிப்பவன் | 4 மார்ச், காலை 8.02

மரம் ஸ்மல்லியனின் கண்டுபிடிப்பு என்று யாரும் எழுதிவைக்கப் போகிறார்கள். எவர்ட் பெத்தும் ஹிண்டிக்காவும் 1955லேயே, ஒருவரை ஒருவர் பார்க்காமல், கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள்.

கிளைக்கணக்கு | 4 மார்ச், மதியம் 12.40

ஆமாம், அதனால்தான் 'இன்றைய வடிவத்துக்கு' என்று போட்டேன். பெத்தின் அட்டவணையில் இடப்பக்கம் மெய், வலப்பக்கம் பொய் என்று இரண்டு பத்தி; பிரிவு வந்தால் இரண்டு பத்தியும் உள்ளுக்குள் மறுபடி பிரியும், தாளில் இடம் போதாது. ஸ்மல்லியன் மெய், பொய் என்ற குறியை வாக்கியத்தின் தலையிலேயே ஒட்டிவிட்டு, ஒரே மரமாக்கினார்.

உட்லண்ட்ஸ்_டீச்சர் | 4 மார்ச், இரவு 8.31

பிள்ளைகளின் பாடக் குறிப்பில் மெய் பொய் குறி இருக்காது, ¬ மட்டும்தான் இருக்கும். குழம்பிவிடுவார்கள். அது ரிச்சர்ட் ஜெஃப்ரி 1967இல் பாடநூலில் பரப்பிய ஒருபக்க மரம். 'பொய்: அ' என்று இருக்கும் இடத்தில் '¬அ' என்று போட்டால் அதே மரம்தான், கூடுதலாக ¬¬அ வந்தால் அ என்று ஒரு விதி.

மாணவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்:

ஒரு வரியை உடைத்தால் கிடைப்பதை அதற்குக் கீழே திறந்திருக்கும் *எல்லாக்* கிளையிலும் எழுத வேண்டும். கையருகில் இருக்கும் கிளையில் மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பாதி மதிப்பெண் இங்கேதான் போகிறது.

பிரியும் விதியை முதலில் எடுப்பது. தப்பில்லை, ஆனால் அதற்குப் பிறகு எதை இறக்கினாலும் இரண்டு இடத்தில் எழுத வேண்டிவரும். இறங்குவதை எல்லாம் முடித்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போதும் எதைப் பிரித்தால் ஒரு பக்கம் உடனே மூடும் என்று பார்த்து எடுக்க வேண்டும். மேலே 7ஆம் வரியில் அதுதான் நடந்தது.

மூடும்போது எந்த வரியோடு எந்த வரி மோதியது என்று எண் எழுதாமல் விடுவது. திருத்துபவர் ஊகிக்க மாட்டார்.

தாளைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளாமல் தொடங்குவது. சிரிக்காதீர்கள். நாலாவது பிரிவில் ஓரம் வந்துவிடும், அதற்கப்புறம் எழுத்து எறும்பு அளவு.

தேக்கா_மாமா | 4 மார்ச், இரவு 9.15

உண்மை அட்டவணை போட்டால் போச்சு. மூன்று எழுத்துக்கு 8 வரி. இதற்கு எதற்கு மரம், கிளை, எறும்பு?

கிளைக்கணக்கு | 4 மார்ச், இரவு 10.48

மூன்றுக்கு 8, சரி. ஆறுக்கு 64, பத்துக்கு 1,024. மாமா போடுவாரா?

ஆனால் மரம் எப்போதும் சிறியது என்று நானே சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையில்லை. மரத்தைத் திணறடிக்கும் வாக்கியத் தொகுதிகள் உண்டு. ஒவ்வொரு எழுத்தும், அப்படியே அல்லது மறுப்பாக, ஒரு முறை வரும்படி எழுதக்கூடிய எல்லா 'அல்லது' வாக்கியங்களையும் ஒன்றாகப் போடுங்கள். 5 எழுத்து என்றால் 32 வாக்கியம். அட்டவணை 32 வரியில் முடிந்துவிடும். மரத்துக்கு 5×4×3×2×1, அதாவது 120 கிளைக்குக் குறையாது. மார்செல்லோ தஅகோஸ்தீனோ 1992இல் இதை வைத்தே மரமுறையைக் கேள்வி கேட்டார். கட்டுரையில் ஒரு வரி போதும், ஆனால் போட்டால் படித்து எழுதியது என்று தெரியும்.

பொங்கோல்வாசி | 5 மார்ச், காலை 6.55

சரி, மரம் ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். மெய்யர் பொய்யர் புதிர் விளையாட்டுதானே? அதில் ஆய்வு எங்கே?

கிளைக்கணக்கு | 5 மார்ச், மதியம் 1.10

புதிர்த் தீவில் மெய்யர் எப்போதும் மெய்யே சொல்வார், பொய்யர் எப்போதும் பொய்யே சொல்வார். அ என்பவர் 'ப' என்று சொன்னால், எழுத வேண்டியது ஒன்றுதான்: அ ↔ ப. (அ = அவர் மெய்யர்; ↔ = இரண்டும் சேர்ந்தே மெய், இல்லை சேர்ந்தே பொய்.) யார் சொன்னார், நம்பலாமா என்ற பேச்செல்லாம் இந்த ஒரு குறிக்குள் அடங்கிவிடும். மரத்தில் மெய் (அ ↔ ப) இரண்டாகப் பிரியும்: ஒரு பக்கம் இரண்டும் மெய், மறுபக்கம் இரண்டும் பொய்.

அ சொல்கிறார்: 'எங்கள் இருவரில் ஒருவராவது பொய்யர்.' அ பொய்யர் என்று வையுங்கள். அப்போது அவர் சொன்னது மெய்யாகிவிடும், பொய்யர் மெய் சொன்னதாகும், கிளை மூடியது. ஆகவே அ மெய்யர், சொன்னது மெய், பொய்யர் ஆ.

சறுக்கும் இடம் இன்னொன்று. அ சொல்கிறார்: 'நான் மெய்யன் என்றால் ஆவும் மெய்யர்.' பலர் 'ஒன்றும் சொல்ல முடியாது' என்று விட்டுவிடுவார்கள். அ பொய்யர் என்று வைத்துப் பாருங்கள். 'என்றால்' வாக்கியத்தின் முன்பாதி பொய். ஆகவே முழு வாக்கியம் மெய். பொய்யர் வாயில் மெய் வராது, கிளை மூடியது. எனவே அ மெய்யர், சொன்னது மெய், ஆவும் மெய்யர்.

சொந்தமாகப் புதிர் எழுதும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை: 'நான் பொய்யன்' என்று அந்தத் தீவில் யாராலும் சொல்ல முடியாது. அதை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தால் எல்லாக் கிளையும் மூடிவிடும், விடையே இருக்காது. எழுதி முடித்ததும் ஒரு கிளையாவது திறந்திருக்கிறதா, ஒரே ஒரு விடைதானா என்று பார்க்கவும்.

இந்த 'யாராலும் சொல்ல முடியாது' என்பதிலிருந்து கோடல் ஒரு எட்டுதான். இன்றிரவு எழுதுகிறேன்.

தேக்கா_மாமா | 5 மார்ச், மதியம் 1.31

தேர்தல் கூட்டத்துக்கு அ ↔ ப போட்டால் எத்தனை கிளை திறந்திருக்கும்?

சும்மா_படிப்பவன் | 5 மார்ச், மாலை 6.20

புதிர் என்றதும் நம் ஊர்ப் புதிரை விட்டுவிட்டோமே. செரில் பிறந்தநாள், 2015 ஏப்ரல். உலகம் முழுக்கப் பகிர்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டது. பிரைமரி 5 கேள்வி என்று புரளி வேறு. சாஸ்மோ என்ற பள்ளிக் கணித ஒலிம்பியாட்டில் செகண்டரி 3 பிள்ளைகளுக்குக் கொடுத்தது அது.

கிளைக்கணக்கு | 5 மார்ச், இரவு 9.50

கோடல் நாளைக்கு. செரிலை இப்போதே பிடிக்கலாம், 'அறிவு' பற்றிய தர்க்கத்துக்கு இதைவிட நல்ல உள்ளூர் உதாரணம் கேஐ பிள்ளைக்குக் கிடைக்காது.

பத்துத் தேதி: மே 15, 16, 19; ஜூன் 17, 18; ஜூலை 14, 16; ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டிடம் மாதம் மட்டும், பெர்னார்டிடம் நாள் மட்டும் சொல்லப்பட்டது. ஆல்பர்ட்: எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பெர்னார்ட்: முதலில் தெரியவில்லை, இப்போது தெரியும். ஆல்பர்ட்: அப்படியானால் எனக்கும் தெரியும்.

சரியான வழி: 18, 19 இரண்டும் பட்டியலில் ஒரு முறைதான் வருகின்றன. பெர்னார்டிடம் அதில் ஒன்று இருந்தால் அவருக்கு உடனே தெரிந்திருக்கும். அப்படி இல்லை என்று ஆல்பர்ட் *உறுதியாக* அறிய வேண்டுமானால் அவர் கையில் உள்ள மாதத்தில் 18, 19 இருக்கவே கூடாது. மே முழுதும் போச்சு, ஜூன் முழுதும் போச்சு. மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. பெர்னார்டுக்கு இப்போது தெரியும் என்றால் 14 இல்லை. மிச்சம் மூன்று. ஆல்பர்ட்டுக்கும் தெரியும் என்றால் ஆகஸ்ட் இல்லை, அதில் இரண்டு நிற்கிறது. ஜூலை 16.

அப்போது பாதிப் பேர் ஆகஸ்ட் 17 என்று சண்டை போட்டார்கள். அவர்கள் வழி: 18, 19ஐ மட்டும் அடித்துவிட்டார்கள். ஜூனில் 17 ஒன்றே நிற்கிறது, ஆல்பர்ட்டுக்கு 'தெரியாது' என்பதால் அதையும் அடித்தார்கள். இப்போது ஒரு முறை மட்டும் வரும் நாள் 17, ஆகஸ்டில். கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை. பிழை வேறு இடத்தில்: 'பெர்னார்டுக்குத் தெரியாது' என்பதை எங்கிருந்தோ வந்த தகவலாக எடுத்துக்கொண்டார்கள். புதிர் சொல்வது 'பெர்னார்டுக்குத் தெரியாது என்பது ஆல்பர்ட்டுக்குத் தெரியும்'. ஆல்பர்ட்டிடம் இருப்பது மாதம் மட்டும். அந்த மாதத்தில் எந்தத் தேதியாக இருந்தாலும் பெர்னார்டுக்குத் தெரியாது என்றால்தான் அவரால் அதைச் சொல்ல முடியும். 'தெரியும்' என்ற சொல் எதுவரை நீள்கிறது என்பதைப் பொறுத்துத் தேதியே மாறிவிடுகிறது.

ஸ்மல்லியன் 1980களில் செய்ததும் இதுபோன்ற வேலைதான்: தான் எதை நம்புகிறோம் என்பதைப் பற்றியே நம்பிக்கை வைக்கும் ஆட்களைப் புதிராக்கி, அதன் வழியாகக் கோடலின் இரண்டாம் தேற்றம் (அப்படிப்பட்ட விதித்தொகுதி தனக்குள் முரணில்லை என்று தானே நிறுவ முடியாது) வரை கொண்டுபோனார்.

உட்லண்ட்ஸ்_டீச்சர் | 6 மார்ச், காலை 7.05

ஆகஸ்ட் 17 விடையை அப்படியே கரும்பலகையில் போட்டு எந்த வரியில் வண்டி தடம் புரண்டது என்று கேட்டால் ஒரு மணி நேரப் பாடம் ஓடிவிடும். சரியான விடையைப் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடம், அதோடு மறந்தும் போவார்கள்.

தமிழ்க்_கிழவன் | 6 மார்ச், இரவு 8.00

எல்லாம் வெள்ளைக்காரன் பெயராகவே போகிறது. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லாத அளவையியலா? பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களை போல. அன்றைக்கே மரம் நட்டுவிட்டோம்.

கிளைக்கணக்கு | 6 மார்ச், இரவு 9.22

ஐயா, கேஐ கட்டுரையில் மணிமேகலை வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். 29ஆம் காதையில் அந்த ஐந்துறுப்பும் இருக்கிறது, ஏதுப் போலிகளும் (காரணம் போலத் தோன்றும் தவறுகள்) வரிசையாக இருக்கின்றன. ஆனால் அதை மரத்தோடு ஒப்பிட்டால் கட்டுரை கவிழும்.

ஐந்துறுப்பு முன்னோக்கி நடக்கிறது: சொல்ல வந்ததைச் சொல், காரணம் காட்டு, தெரிந்த உதாரணத்தைக் காட்டு, இங்கே பொருத்து, முடி. எதிராளியை ஒப்புக்கொள்ள வைக்கும் வரிசை அது; உதாரணம் ஓர் உறுப்பாகவே நிற்கிறது. மரத்தில் உதாரணத்துக்கு இடமே இல்லை, வடிவம் மட்டும்தான்.

ஒப்பிட வேண்டுமானால் நியாய மரபின் 'தர்க்கம்' என்ற கருவியை எடுங்கள். நெருப்பு இல்லை என்று வைத்துக்கொள், அப்படியானால் புகையும் இருக்கக்கூடாது, ஆனால் புகை இருக்கிறது. முடிவை மறுத்துத் தொடங்கி முட்டுச்சுவருக்கு வருவது. அது அப்படியே மரத்தின் தொடக்கம். ஆனால் நையாயிகர்கள் (நியாய மரபினர்) இதைத் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவு தரும் தனி வழியாக, ஏற்கவில்லை, பிரமாணத்துக்குத் துணை என்றுதான் வைத்தார்கள். ஸ்மல்லியனுக்கோ அதுவே முழு நிரூபணம். இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு நல்ல பக்கம் எழுதலாம்.

தமிழ்க்_கிழவன் | 6 மார்ச், இரவு 9.40

மரம் நடவில்லை, விதை இருந்தது என்கிறீர். போகட்டும்.

கிளைக்கணக்கு | 7 மார்ச், இரவு 10.30

கோடல். ஸ்மல்லியனின் அச்சு இயந்திரத்தைத் தமிழில் கட்டிப் பார்க்கிறேன்.

இயந்திரத்திடம் மூன்று சொல்லும் அடைப்புக்குறியும் உண்டு: இல், அச், இரு. ஒரு சரத்தை 'இருமை' ஆக்குவது என்றால் அதை எழுதி, அதையே அடைப்புக்குள் மறுபடி எழுதுவது. 'அச்' என்ற சரத்தின் இருமை: அச்(அச்).

வாக்கியம் நாலு வகைதான்:
அச்(க): க என்ற சரத்தை இயந்திரம் எப்போதாவது அச்சிடும்.
இல்அச்(க): க என்ற சரத்தை ஒருபோதும் அச்சிடாது.
அச்இரு(க): கவின் இருமையை அச்சிடும்.
இல்அச்இரு(க): கவின் இருமையை ஒருபோதும் அச்சிடாது.

இயந்திரம் மெய்யான வாக்கியத்தை மட்டுமே அச்சிடும் என்பது உறுதி. கேள்வி: எல்லா மெய்யையும் அச்சிடுமா?

இதைப் பாருங்கள்: இல்அச்இரு(இல்அச்இரு). இது சொல்வது: 'இல்அச்இரு' என்பதன் இருமை அச்சாகாது. அந்த இருமை எது? இல்அச்இரு(இல்அச்இரு). அதே வாக்கியம்! தான் அச்சாகாது என்று தானே சொல்கிறது. பொய் என்று வையுங்கள்: அப்படியானால் அது அச்சாகும், இயந்திரம் பொய்யை அச்சிட்டதாகும். கிளை மூடியது. ஆகவே மெய். மெய் என்பதால் அச்சாகாது.

பிள்ளைகள் இடறுவது இங்கே: 'அப்படியானால் அந்த ஒரு வாக்கியத்தை இயந்திரத்தில் சேர்த்துவிடலாமே?' சேர்த்தால் அது அச்சாகிறது, உடனே பொய்யாகிறது, இயந்திரத்தின் உறுதி உடைகிறது. கோடலின் முறைப்பாட்டிலோ (அடிப்படை வாக்கியங்களும் விதிகளும் கொண்ட அமைப்பு) நிறுவவும் மறுக்கவும் முடியாத வாக்கியத்தைச் சேர்க்கலாம், உடையாது. ஆனால் சேர்த்த பிறகு உருவாகும் புது முறைப்பாட்டுக்கு அப்படிப்பட்ட இன்னொரு வாக்கியம் முளைக்கும். இரண்டும் ஒன்றல்ல. கட்டுரையில் பிரித்துச் சொல்லவும்.

இன்னொன்று: 'மனிதனுக்கு எதுவுமே உறுதியாகத் தெரியாது என்று கோடல் நிரூபித்தார்' என்று எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன். அவர் சொன்னது குறிப்பிட்ட அளவு எண்கணிதத்தைத் தாங்கும், முரணில்லாத முறைப்பாடுகளைப் பற்றி. வாழ்க்கையைப் பற்றி அல்ல.

பொங்கோல்வாசி | 8 மார்ச், காலை 9.10

இயந்திரம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், இரண்டு காப்பி ஆயிற்று. சதுரங்கம்? அதையும் பின்னோக்கி என்கிறீர்களே.

கிளைக்கணக்கு | 8 மார்ச், காலை 11.35

வழக்கமான சதுரங்கப் புதிர்: வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட். ஸ்மல்லியன் போட்டது வேறு: பலகை இந்த நிலைக்கு எப்படி வந்தது? கடைசியாக நகர்ந்தது எது? யார் நன்றாக ஆடினார் என்பது பொருட்டே இல்லை, விதிப்படி நடந்ததா என்பது மட்டும்தான். இப்படி இரண்டு தொகுப்பு வந்தது, 1979லும் 1981லும்.

வேலை செய்யும் முறை கணக்குப்பிள்ளையின் முறைதான். இரு பக்கமும் 16 காய். எத்தனை குறைகிறது என்று எண்ணுங்கள். சிப்பாய் தன் பத்தியை விட்டு விலகியிருந்தால் ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு வெட்டு நடந்திருக்க வேண்டும். வெட்டுகளின் கூட்டுத்தொகை குறைந்த காய்களின் எண்ணிக்கையை மீறினால் உங்கள் கதை பொய்.

ஒரு சின்ன உதாரணம். வெள்ளையின் இ-2, ஜி-2 சிப்பாய்கள் நகரவே இல்லை. எஃப்-1இல் இருக்க வேண்டிய பிஷப்பைக் காணோம். அது வெளியே போக இரண்டே வழி, இரண்டையும் அந்தச் சிப்பாய்கள் அடைத்திருக்கின்றன. ஆகவே அது எஃப்-1லேயே வெட்டுப்பட்டது. வெட்டியது யார்? கறுப்பு பிஷப் அல்ல, மூலைவிட்டங்கள் இரண்டும் அடைப்பு. கறுப்புச் சிப்பாயும் அல்ல, அது இ-2 அல்லது ஜி-2இல் நின்றுதான் வெட்ட முடியும். இதிலிருந்து இன்னொன்று வரும்: கறுப்பின் சிப்பாய் ஒன்று பத்தி விலகியிருந்தால் அது வெட்டியது இந்த பிஷப்பை அல்ல, வேறொரு வெள்ளைக் காயை. பெரும்பாலான இப்படிப்பட்ட புதிர்களின் பூட்டு இந்த வரிதான்.

பலகையில் வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை பிஷப் ஒன்று நின்றால்? சிப்பாயாக எட்டாம் வரிசை போய் பிஷப்பாக மாறியது. ராணி ஆக்காமல் பிஷப் ஆக்குவானா என்று கேட்பவர்கள் நல்ல ஆட்டத்தைத் தேடுகிறார்கள்.

தேக்கா_மாமா | 8 மார்ச், மதியம் 12.02

புளோக் கீழே ஆடுகிற கிழவர்களிடம் இதைக் கேட்டால் பலகையாலேயே அடிப்பார்கள்.

சும்மா_படிப்பவன் | 8 மார்ச், மாலை 4.45

வித்தை, பியானோ பற்றி ஒரு வரி. சிகாகோவில் படித்த காலத்தில் 'ஃபைவ் ஏஸ் மெரில்' என்ற பெயரில் இரவு விடுதிகளில் மேசை மேசையாக வித்தை காட்டினார். பியானோவையே தொழிலாக்க நினைத்தவர், வலக்கையில் தசைநாண் தொல்லை வந்து அது நின்றது. டாவோ (பழைய சீன மெய்யியல்) பற்றிய கட்டுரைகளை யாரும் தொடவில்லையே? எனக்கு அவற்றில்தான் அவர் முழுத் தத்துவக்காரர்.

கிளைக்கணக்கு | 8 மார்ச், இரவு 8.15

படிக்க இதமானவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பெயர் இல்லாமல் அவற்றைக் கொடுத்திருந்தால் எந்தத் துறையும் வேலை கொடுத்திருக்காது. மரத்துக்குக் கொடுத்திருக்கும். இதில் சும்மா_படிப்பவனும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை.

கேஐக்கு அதைவிடக் கூரான துண்டு: 1925 ஏப்ரல் 1. ஸ்மல்லியனுக்கு ஆறாவது வயது நடக்கிறது. அண்ணன் சொல்கிறான், 'இன்று உன்னை இதுவரை யாரும் ஏமாற்றாத மாதிரி ஏமாற்றப் போகிறேன்.' பையன் நாள் முழுக்கக் காத்திருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. இரவில் அண்ணன்: 'ஏமாற்றுவேன் என்று எதிர்பார்த்தாய், ஏமாற்றவில்லை; ஆக, ஏமாந்தாய்.' ஏமாந்தானா? ஏமாந்தான் என்றால் எதிர்பார்த்தது நடந்துவிட்டது, எதில் ஏமாந்தான்? ஏமாறவில்லை என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஆகவே ஏமாந்தான். விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். மேலே உள்ள அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் இதை வையுங்கள்.

உட்லண்ட்ஸ்_டீச்சர் | 9 மார்ச், காலை 10.20

'எல்லோரும்', 'யாரோ ஒருவர்' வரும் வாக்கியங்களுக்கு மரம் போடுவதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பிள்ளைகள் அங்கேதான் பொய்யை நிரூபித்துவிடுகிறார்கள்.

கிளைக்கணக்கு | 9 மார்ச், மதியம் 2.40

சரி, கடைசித் துண்டு. இங்கேயும் ஸ்மல்லியன் இரண்டே வகையாக்கினார், காமா, டெல்டா.

டெல்டா: மெய் (யாரோ ஒருவர்...), பொய் (எல்லோரும்...). ஒரு பெயர் கொடுத்து உடைக்க வேண்டும், அந்தக் கிளையில் அதுவரை வராத *புதுப்* பெயராக இருக்க வேண்டும். ஒரு முறை உடைத்தால் தீர்ந்தது, அடித்துவிடலாம்.

காமா: மெய் (எல்லோரும்...), பொய் (யாரோ ஒருவர்...). எந்தப் பெயரையும் போடலாம், எத்தனை முறையும் போடலாம். இதை அடிக்கவே கூடாது, கிளையில் புதுப் பெயர் வந்தால் மறுபடி தேவைப்படும்.

புதுப் பெயர் விதியை மீறினால் என்ன ஆகும்? 'இந்த பஸ்ஸில் யாரோ ஒருவருக்குத் தமிழ் தெரியும். இந்த பஸ்ஸில் யாரோ ஒருவருக்கு மாண்டரின் தெரியும். ஆகவே யாரோ ஒருவருக்கு இரண்டும் தெரியும்.' முதல் ஆளுக்கு க என்று பெயர் வைத்துவிட்டு இரண்டாமவருக்கும் க என்றே வைத்தால் மரம் அழகாக மூடும், வாதம் செல்லும் என்று வந்துவிடும். இரண்டாமவருக்கு ங என்று வைத்தால் கவையும் ஙவையும் போட்டுப் பார்த்தாலும் ஒரு கிளை திறந்தே நிற்கும்.

வரிசை: முதலில் இறங்கும் விதிகள், பிறகு டெல்டா, பிறகு காமா, கடைசியில் பிரிவது. காமாவை டெல்டாவுக்கு முன் எடுத்தால் அவசியமில்லாத பெயர்கள் குவியும்.

சில மரம் முடியவே முடியாது. 'ஒவ்வொருவருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு' என்று போடுங்கள். கவுக்கு மேலதிகாரி ங, புதுப் பெயர். ஙவுக்கு ச. சவுக்கு ஞ. விதிப்படி செய்துகொண்டே போகலாம், மூடவும் மூடாது, முடியவும் முடியாது. செல்லும் வாதம் என்றால் ஒழுங்காகப் போட்ட மரம் என்றாவது ஒரு நாள் மூடும், அது உறுதி. செல்லாத வாதம் என்றால் எப்போது நிறுத்துவது என்று சொல்லும் பொது முறை கிடையாது. 1936இல் சர்ச்சும் டியூரிங்கும் தனித்தனியாக நிறுவியது இது. 'மரம் எல்லாக் கேள்விக்கும் விடை தரும்' என்று கட்டுரையில் இருந்தால், வாக்கியத் தர்க்கத்துக்கு ('எல்லோரும்', 'யாரோ ஒருவர்' இல்லாதது) மட்டும் என்று சேர்க்கவும்.

தேக்கா_மாமா | 9 மார்ச், மதியம் 2.58

மேலதிகாரிக்கு மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி... இது தர்க்கம் இல்லை தம்பி, எங்கள் ஆபீஸ்.

பொங்கோல்வாசி | 9 மார்ச், இரவு 9.30

ஒரே சந்தேகம்: அந்த பஸ் மரத்தில் திறந்து நிற்கும் கிளையை எப்படி வாசிப்பது?

கிளைக்கணக்கு | 9 மார்ச், இரவு 9.44

கவுக்குத் தமிழ் தெரியும், மாண்டரின் தெரியாது. ஙவுக்கு மாண்டரின் தெரியும், தமிழ் தெரியாது. பஸ்ஸில் இரண்டே பேர். முடிவைப் பொய்யென்று வைத்தது காமா வகை, அதைக் கவுக்கும் ஙவுக்கும் போட்டுவிட்டீர்களா என்று மட்டும் சரிபாருங்கள். போட்டிருந்தால் 'திறந்தது, முடிந்தது' என்று அடியில் எழுதலாம்.